நிழல் இல்லாத கை

வைஜெயந்தி மேடம் புது ஜாய்ஸ்டிக் கேட்டு எழுதியிருந்த விண்ணப்பத்தில், காரணம் என்ற இடத்தில் இரண்டே சொற்கள்தான் இருந்தன: "பழையது ஆடுகிறது."

நான் தரை விமானிகளுக்கு நாற்காலி பூட்டிக் கொடுப்பவன். பெயர் அன்வர்தீன். கோயமுத்தூரில் இந்த வேலைக்கு நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். ஒரு காலத்தில் இதே ஜாய்ஸ்டிக்கையும் த்ராட்டிலையும் பெடலையும் விமான சிமுலேட்டர் விளையாட்டுப் பிரியர்கள் பொழுதுபோக்குக்காக வாங்கி மேசையில் பூட்டிக்கொண்டார்கள். மலை ஆம்புலன்ஸ் விமானங்கள் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. விமானத்துக்குள் ஒரு நர்ஸும் ஒரு ஸ்ட்ரெச்சரும் மட்டும். ஓட்டுகிறவர் தன் வீட்டு அறையில் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பயிற்சிக்கும் நிஜத்துக்கும் அதே நாற்காலிதான். எது நிஜம் என்று காட்ட திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு எரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மேடத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. முன்பு பயணிகள் விமானத்தில் கேப்டனாக இருந்தவர். பெரிய விமானங்கள் தாமாகவே பறக்க ஆரம்பித்ததும் வேலை போயிற்று. நாற்பத்து மூன்றாவது வயதில் தரை நாற்காலி பழக ஆரம்பித்து, வால்பாறைக்கு மேலே இருக்கும் எஸ்டேட்டுகளுக்கு ஏழு வருடங்களாக விமானம் இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஒரு குட்டி ஓடுபாதை. அதில் அவர் இரண்டாயிரம் தடவைக்கு மேல் இறங்கியிருக்கிறார். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

சரவணம்பட்டியில் அவர் வீட்டுக்கு நான் போனபோது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவருடைய கணவர் குருமூர்த்தி சார் கதவைத் திறந்தார். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர், அன்று விடுமுறை.

நான் முதலில் பெடலில் கை வைத்தேன்.

"பெடல் எதுக்குங்க மாத்தறீங்க? நான் ஸ்டிக் மட்டும்தானே கேட்டேன்?" என்றார் மேடம்.

"மூணும் ஒரு செட்டுங்க மேடம். ஒண்ணை மாத்தினா மத்த ரெண்டுக்கும் அளவு தப்பிரும்."

டைல்ஸ் தரையில் பெடல் வழுக்கும். அதனால் கீழே ரப்பர் விரிப்புப் போட்டு, அதை நாற்காலியின் காலோடு சேர்த்து முடுக்கினேன். குதிகால் தரையில் பதிய வேண்டும், முழங்கால் முழுக்க நீளக் கூடாது. மேடம் இடது, வலது என்று மாறி மாறி மிதித்தார். கடைசி வரை போய்த் திரும்பி வந்து நடுவில் நின்றது. பிறகு கால் கட்டைவிரல் பக்கம் அழுத்தி பிரேக் பார்த்தோம். அடுத்து இடது கைக்கு எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், வலது கைக்கு ஸ்டிக்.

குருமூர்த்தி சார் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"இனி கைநிழலை நிறுத்தணுங்க மேடம். இல்லைன்னா அளவு எடுக்க முடியாது" என்றேன்.

"அந்தக் கைநிழல்னா என்னதாங்க? இவ பல தடவை சொல்லிட்டா, எனக்கு மண்டையில ஏறலை" என்றார் சார்.

"மேடம் இங்க ஸ்டிக்கை நகர்த்தினா, அது மலைக்குப் போய்ச் சேர அரை விநாடி ஆகுதுங்க சார். இறங்கற நேரத்துல அரை விநாடிங்கறது ரொம்ப ஜாஸ்தி. அதனால விமானத்துக்குள்ள மேடம் கையைப் போலவே ஒரு புரோகிராம் இருக்கு. ஆரம்பத்துல ரெண்டு வருஷம் மேடம் ஓட்டறதைப் பார்த்துப் பார்த்துப் பழகினது. காத்து இந்தப் பக்கம் அடிச்சா மேடம் என்ன பண்ணுவாங்கன்னு அதுக்குத் தெரியும். உடனே பண்ணிரும். அரை விநாடி கழிச்சு மேடத்தோட நெஜக் கை வரும். வேற மாதிரி வந்தா மேடம் சொல்றதுதான் செல்லும்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதாங்க. தும்மினது, கை தெரியாம பட்டது, அந்த மாதிரின்னு அது நெனச்சா மட்டும் கண்டுக்காம விட்டுரும்."

நிழலை நிறுத்தினேன். "ஸ்டிக்கை லேசாப் பிடிச்சு ஒரே இடத்துல வைங்க மேடம்."

திரையில் ஒரு கோடு ஓடும். கை அசையாவிட்டால் அது நேராகப் போகும். மேடம் பிடித்ததும் கோடு பொடிப்பொடியாக நடுங்க ஆரம்பித்தது.

"புதுசும் ஆடுதுங்களே" என்றார்.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முறைப்படி எல்லாவற்றையும் பார்த்தேன். அவரைக் கையை எடுக்கச் சொன்னேன். கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேரானது. இடது கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். அப்போதும் கிட்டத்தட்ட நேர்தான். மறுபடி வலது கை. மறுபடி நடுக்கம்.

மேடம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குருமூர்த்தி சார் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்பே ஏதோ தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு நான் செய்தது சரியா தவறா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பழைய பதிவைத் திறந்தேன். அவர் கை சொன்னதில் விமானம் எவ்வளவை ஏற்றுக்கொண்டது என்று மாதவாரியாக அதில் இருக்கும். முதல் சில வருடங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். அப்புறம் எழுபது, நாற்பது. கடைசிப் பதினான்கு மாதங்களாக நூற்றுக்கு மூன்று.

"மூணுன்னா?" என்றார் மேடம்.

"நீங்க சொன்னதுல மிச்சம் தொண்ணூத்தேழையும் கை நடுக்கம்னு நெனச்சு அது தள்ளிருச்சுங்க."

"வருஷா வருஷம் கைக்குச் சர்டிபிகேட் தராங்களே?"

"அதை இந்த நிழலோட பதிவை வச்சுத்தான் தராங்க மேடம். நிழல் ஆடலை. அதனால கை நல்லாருக்குன்னு எழுதிருவாங்க."

மேடம் திரையில் அந்த மூன்றின் மேல் விரல் வைத்தார்.

"அப்ப பதினாலு மாசமா விமானத்தை ஓட்டினது யாருங்க அன்வர்?"

"உங்க கைதாங்க மேடம்" என்றேன். "பல வருஷத்துக்கு முந்தின உங்க கை."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணியில இருந்து எனக்கு டூட்டி இருக்குது" என்றார், திரும்பாமலேயே. பிறகு ஆம்புலன்ஸ் விமானங்களின் தலைமை நிலையத்துக்கு போன் செய்து, தன்னால் வர முடியாது என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் வந்த நோயாளி ஒரு டிராக்டர் டிரைவர். வண்டி கவிழ்ந்து கால் நசுங்கியவர். அவரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ரோட்டில் இறக்கினார்கள். மூன்றரை மணி நேரம் ஆயிற்று. உயிர் பிழைத்தார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மேடம் நரம்பு டாக்டரைப் பார்த்தார். உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, ஆனால் நடுக்கம் முழுதாகப் போகாது என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை தலைமை நிலையத்துக்கு என்னையும் கூப்பிட்டார். "நீங்க எடுத்த அளவு. நீங்களே வந்து சொல்லுங்க" என்றார்.

தலைமை அதிகாரி தாமோதரசாமி சாரும் தரை விமானிதான். வாரத்தில் இரண்டு நாள் கொல்லிமலைப் பக்கம் இன்றும் அவரே ஓட்டுகிறார். நான் காட்டிய கோடுகளை நிதானமாகப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"இந்தத் தாளை நான் பாக்கலை. நீங்க வழக்கம் போல உட்காருங்க மேடம்."

"என்னங்க சார் சொல்றீங்க?"

"நிழல் நல்லா ஓட்டுது. பதினாலு மாசத்துல ஒரு தப்பு இல்லை. சட்டத்துக்கு ஒரு மனுஷக் கை வேணும், அதுக்கு உங்க பேர் இருக்குது. உங்க லைசென்ஸ் போச்சுன்னா அந்த நிழலையும் அழிக்கணும், அதுதான் ரூல். அப்புறம் இன்னொருத்தர் வந்து கை பழக்க ரெண்டு வருஷம். ரெண்டு வருஷத்துக்கு ஒன்பது எஸ்டேட்டுக்கு விமானம் இல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "செவ்வாக்கிழமை நீங்க உட்கார்ந்திருந்தா அந்த ஆளுக்குக் கால் இருந்திருக்கும்."

மேடத்தின் குரல் மாறவில்லை.

"இருந்திருக்குங்க. ரெண்டு நாளா எனக்கு அதே நெனப்புதான். நான் ஒண்ணு கேக்கறேன். அந்த நிழல் ஒரு நாள் தப்புப் பண்ணும்னு வைங்க. நான் இங்க இருந்து திருத்துவேன். அது என்ன பண்ணும்? கை நடுக்கம்னு தள்ளிரும். விமானம் மலையில மோதற வரைக்கும் நான் ஸ்டிக்கை இழுத்துட்டே பார்த்துட்டு இருக்கணும். அதுக்கு நான் எதுக்குங்க சார்?"

தாமோதரசாமி தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"விமானத்துக்குள்ள உக்கார்ற பொண்ணு சகாயமேரி. அவளைக் கேட்காம இதுல எந்த முடிவும் வேண்டாம்" என்று சொல்லி, மேடமே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

சகாயமேரி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருடங்களாக அந்த விமானத்தில் போய் வருகிறவர். மேடம் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் யாரோ ஒரு குழந்தை இருமுவது மட்டும் கேட்டது.

"முன்னெல்லாம் காத்து அடிச்சா வண்டி ஒரு நொடி தயங்கும்க்கா" என்றார் சகாயமேரி. "அக்கா யோசிக்கிறாங்கன்னு நெனச்சுக்குவேன். கொஞ்ச காலமா அந்தத் தயக்கமே இல்லை. நல்லாப் பழகிட்டாங்கன்னு நானும் சந்தோஷப்பட்டேன்." பிறகு, "எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார்.

"எனக்கே செவ்வாக்கிழமைதான் தெரியும், மேரி."

"சரி. இப்ப என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அந்த அறையில் பேச எனக்கு உரிமை இல்லைதான்.

"கால் ரெண்டும் ஆடலைங்க. இடது கையும் ஆடலை. ஸ்டிக்கை இடது பக்கம் பூட்டலாம். த்ராட்டிலை வலது பக்கம் கொண்டுபோகலாம். அதுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. பெடலுக்கு இன்னும் கொஞ்சம் வேலை குடுக்கலாம். ரூல்ல நிழலுக்குக் கை வேணும்னுதான் இருக்கு, வலது கைன்னு இல்லைங்களே. வேற ஆள் வந்தா நாற்காலி, மலை, காத்து எல்லாத்தையும் முதல்ல இருந்து கத்துக்கணும். மேடத்துக்கு மலை தெரியும். கை மட்டுந்தான் புதுசு. நாலஞ்சு மாசத்துல முடியும்."

"அம்பத்திரண்டு வயசுல புதுக் கையா?" என்றார் தாமோதரசாமி.

"ஏனுங்க, எனக்குத்தான் இன்னொண்ணு இருக்குதுங்களே" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார் மேடம். அந்த வாரத்தில் அவர் முதன்முதலாகச் சிரித்தார்.

அதுவரைக்கும் என்ன செய்வது என்பதற்குச் சகாயமேரிதான் வழி சொன்னார். "மழை, காத்து இல்லாத நாள்ல பழைய நிழலை வச்சே ஓட்டுங்க. நான் ஏறறேன். ஆனா பேஷண்ட் வீட்டுக்காரங்ககிட்ட உள்ளதைச் சொல்லிட்டுத்தான் ஏத்துவேன். வேண்டாம்னா ரோட்டுல போவோம்." தாமோதரசாமி அரை மணி நேரம் மறுத்தார். கடைசியில் மேலிடத்துக்குத் தகவல் அனுப்பி, ஐந்து மாதத்துக்கு மட்டும் என்று அனுமதி வாங்கிக் கொடுத்தார். அந்த மாதங்களில் முப்பத்தோரு குடும்பங்களிடம் சகாயமேரி விஷயத்தைச் சொன்னார். இரண்டு குடும்பங்கள் மட்டும் ரோட்டில் போயின.

பயிற்சி சுலபமாக இல்லை. முதல் வாரத்தில் மேடம் பத்தொன்பது தடவை தேயிலைச் சரிவில் மோதினார். திரையில் நடந்த மோதல்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் உடம்பு குலுங்கியது. பதற்றம் வந்தால் இடது கை எதிர்ப்பக்கம் போய்விடும். நான் ஸ்டிக்கின் நடுப்பகுதியை மந்தமாக்கினேன். கை கொஞ்சம் நகர்ந்தால் விமானம் அதைவிடக் குறைவாகவே நகரும், ஓரத்துக்குப் போகப் போகத்தான் வேகம் பிடிக்கும். பெடலின் ஸ்பிரிங்கை இரண்டு தடவை மாற்றினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் மிதித்துப் பார்த்து, "இப்பத்தான் தரை தெரியுது" என்றார்.

பெரிய தொல்லை த்ராட்டிலில் வந்தது. நடுங்குகிற வலது கை இப்போது அங்கே இருந்தது. நடுக்கம் ஏறாதபடி அதை இறுக்கினேன்.

"ஆட்டுக்கல்லைச் சுத்தற மாதிரி இருக்குதுங்க அன்வர்."

தளர்த்திவிட்டு, நடுக்கத்தை வடிகட்டும் சின்ன புரோகிராம் ஒன்றை நடுவில் வைத்தேன். கோடு அழகாக நேரானது. எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாவது மாதம் பதிவைத் திறந்து பார்த்தேன். புது நிழலும் அவர் கையைத் தள்ள ஆரம்பித்திருந்தது. வடிகட்டிக்குத் தப்பி எப்போதாவது நுழைகிற நடுக்கத்தை அது அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதனால் அது வரும்போதெல்லாம், கூட வந்த நல்ல அசைவையும் சேர்த்துத் தள்ளிவிட்டது.

தயங்கித் தயங்கி மேடத்திடம் சொன்னேன். மூன்று மாத உழைப்பு. திட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் பதிவை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். "வடிகட்டியை எடுத்துருங்க. எங்கிட்ட இருந்து மறைச்ச மாதிரியே அதுகிட்ட இருந்தும் மறைக்கறோம். என் கை ஆடும். அது தெரிஞ்சே பழகட்டும்."

எடுத்துவிட்டேன். முதல் பத்து நாள் எல்லாம் கோணலாகப் போயிற்று. பிறகு மெதுவாக நிழலுக்கு ஒன்று பிடிபட ஆரம்பித்தது: நடுக்கம் எப்படி இருக்கும், அந்த நடுக்கத்துக்குள்ளேயே மேடம் ஒன்றை வேண்டுமென்றே செய்தால் அது எப்படி இருக்கும். எந்த டாக்டரும் அதை அவ்வளவு நுணுக்கமாகக் கற்றிருக்க மாட்டார்.

நான்காம் மாதக் கடைசியில் தேர்வு. தேர்வாளர் தாமோதரசாமியே. மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். விமானத்தில் நோயாளி யாரும் இல்லை, சகாயமேரி மட்டும். காலியாக அனுப்பலாம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். "எல்லாரையும் சம்மதம் கேட்டு ஏத்தினவ நான். நானே ஏறலைன்னா எப்படி?" என்று வந்துவிட்டார்.

மலையில் தூறல். பச்சைப் பொட்டு எரிந்தது. குருமூர்த்தி சார் அறைக்குள் வரவில்லை, வராண்டாவில் நடந்துகொண்டிருந்தார்.

ஓடுபாதை தெரிந்தது. சரிவுகளுக்கு நடுவே காற்று இடது பக்கத்திலிருந்து தள்ளியது. நிழல் திருத்தியது. அரை விநாடி கழித்து மேடத்தின் இடது கையும் பெடலும் அதையே இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதும் விமானம் கேட்டுக்கொண்டது. உயரம் இறங்கிக்கொண்டே வந்தது. நூறு அடி. எண்பது.

"காட்டுமாடு!" என்றார் சகாயமேரி.

ஓடுபாதையின் நடுவில் ஒரு கன்று. அதன் பின்னால் தாய் தேயிலைக்குள்ளிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. நிழல் காட்டுமாட்டைப் பார்த்ததில்லை. அது இறங்கிக்கொண்டேயிருந்தது.

மேடத்தின் வலது கை த்ராட்டிலை முன்னால் தள்ளியது. பயத்தில் அந்தக் கை நான் பார்த்த நாட்களிலேயே மிக மோசமாக ஆடியது. திரையில் கோடு தாறுமாறாகக் குதித்தது. அரை விநாடி எஞ்சின் சத்தம் மாறவில்லை.

சத்தம் ஏறியது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு கன்றுக்கு மேலே போய்விட்டது.

ஒரு வட்டம் சுற்றிவிட்டு, மாடுகள் சரிவில் இறங்கிப் போன பிறகு, மேடம் விமானத்தை இறக்கினார். சக்கரம் ஒரு தடவை குதித்துத் தரையில் பதிந்தது.

"வந்துட்டோம்க்கா" என்றது சகாயமேரியின் குரல். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பதிவை எடுத்துப் பார்த்தோம். மேடத்தின் கை சொன்னதில் விமானம் ஏற்றுக்கொண்டது நூற்றுக்கு எழுபத்தொன்று. மீதி இருபத்தொன்பதும் நிஜமாகவே நடுக்கம்தான். தாமோதரசாமி தாளில் கையெழுத்துப் போட்டார். பழைய நிழலை அன்றைக்கே அழித்தோம். அதற்கான பொத்தானை மேடமே அழுத்தினார். அழுத்தும் முன், "நல்லாத்தான் ஓட்டுச்சு, பாவம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உக்கடத்தில் என் பட்டறைக்கு ஒரு கார் வந்து நின்றது. தாமோதரசாமி தனியாக இறங்கினார். சோதனைக்காக நான் வைத்திருக்கும் நாற்காலியில் கேட்காமலேயே உட்கார்ந்தார்.

"தரை விமானிக எல்லாரும் வருஷத்துக்கு ஒருக்கா நிழல் இல்லாம அளவு குடுக்கணும்னு ஒரு உத்தரவு தயார் பண்ணியிருக்கேன். நாளைக்குக் கையெழுத்துப் போடணும்" என்றார். "எழுபத்தாறு பேர். எத்தனை பேருக்கு என்ன வருமோ தெரியலை."

"நல்ல காரியங்க சார்."

"அதுக்கு முன்னாடி என்னைப் பாருங்க."

அவருடைய கணக்கைத் திறந்தேன். நிழலை நிறுத்தினேன். அவர் ஸ்டிக்கின் மேல் கை வைத்தார். இருவரும் திரையைப் பார்த்தோம். கோடு சில விநாடிகள் நேராகப் போயிற்று. பிறகு மெல்ல ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. நிமிர்த்தினார், மறுபடி சரிந்தது. நடுக்கம் இல்லை. கையில் பிடிமானம் குறைந்துகொண்டிருந்தது.

அவர் கையை எடுத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ரோட்டில் போன ஒரு பஸ்ஸின் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தார்.

"வைஜெயந்தி மேடத்துக்குப் புதுக் கை பழக நாலு மாசம் ஆச்சு, இல்லைங்களா?"

"ஆமாங்க சார்."

"சரி" என்று குனிந்து, ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். "பெடல்ல இருந்து ஆரம்பிங்க."